சபை நடுவில் ஒரு கேள்வி: நெடுந்தொடரும் பாரதக் களமும்

சமயச் சார்பற்ற ஒரு தொலைக்காட்சி நெடுந்தொடர் தன்னைப் பார்ப்பவருக்கு ஆன்மிகப் பொருள் எதையேனும் தரக்கூடுமா என்பதே இச்சொற்பொழிவு எடுத்துக்கொண்ட வினாவாகும். சமயச் சார்பற்ற தொடர் என்று இங்கே குறிக்கப்படுவது, தெய்வம் கதைமாந்தராக வராததும், வரம், சாபம், மறுபிறவி ஆகியவற்றால் கதை நகராததும், குடும்பம், சொத்து, திருமணம், வேலை என்னும் உலகியல் பொருள்களைக் கொண்டே இயங்குவதுமான தொடராகும். பூசையறையும் கோயிலும் அதில் காட்டப்படலாம் என்றாலும், அவை வீட்டின் ஒரு பகுதியாக வருமேயன்றிக் கதையைத் திருப்புவதில்லை. ஆன்மிகப் பொருள் என்பது, ஒருவர் தம் நலம், தம் வீடு, தம் சாதி ஆகியவற்றைக் கடந்த ஓர் அறத்தின்முன் தம்மை நிறுத்திப் பார்க்கும் அனுபவம் என்ற அளவில் ஆளப்படுகிறது. இவ்வினாவை எங்கிருந்தும் கேட்கலாம் என்றாலும், ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப்பகுதியிலிருந்து கேட்கும்போது அதற்கு ஒரு கூர்மை கிடைக்கிறது. ஏனெனில், நெடுந்தொடருக்கு முன்பே நெடுங்கதையை இரவுதோறும் ஊர்கூடிக் கண்டு பழகிய மண் இது.

2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து உருவான கிருஷ்ணகிரி மாவட்டம், ஒருபுறம் கர்நாடகத்தையும் மறுபுறம் ஆந்திரத்தையும் தொட்டு நிற்பதால், தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கு மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் இயல்பினது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. இந்த ஆலை வரலாற்றில் அண்மைக் காலத்தில் நேர்ந்த பெரிய மாற்றம், பெண்கள் பெருந்தொகையினராகத் தொழிற்கூடத்துக்குள் வந்தமையாகும். போச்சம்பள்ளியில் அமைந்த தன் மின்வாகன ஆலை முழுவதும் பெண்களாலேயே இயக்கப்படும் என்று ஓலா எலக்ட்ரிக் நிறுவனம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஓசூரை ஒட்டிய மின்னணு உதிரிபாக ஆலை ஒன்றில் பிற மாநிலங்களிலிருந்தும் இளம்பெண்கள் வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரிகின்றனர். பெண்ணின் சம்பளம் யாருடையது, அவள் வேலைக்குச் செல்வதை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்விகள் இப்பகுதி வீடுகளில் அன்றாடம் பேசித் தீர்க்க வேண்டியவை.

இதே நிலப்பரப்பில் திரௌபதி வழிபாடு ஆழ வேரூன்றியுள்ளது. பெங்களூரு திகளர்பேட்டைத் தர்மராயசுவாமி கோயிலில் சித்திரை முழுநிலவை ஒட்டி நடக்கும் கரகமும், எல்லைக்கு அப்பால் ஆனேகல்லில் நடக்கும் கரகமும் திரௌபதிக்கு உரியவை. எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டச் சிற்றூர்களில் அதே தெய்வத்துக்குப் பாரத விழா எடுக்கப்படுகிறது. பாரத விழா என்பது, பகலில் பிரசங்கியார் ஒருவர் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வதும், இரவில் அதே பகுதியைக் கூத்தர்கள் ஆடிக் காட்டுவதுமாகப் பல நாள் நீளும் நிகழ்வாகும். பதினெட்டு நாள் என்பது பலவூர்களில் வழக்கு. அருச்சுனன் தபசு நாளில் உயர்ந்த கம்பத்தின்மீது கூத்தர் ஏறி அமர்ந்து தவம் செய்ய, அடியில் குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் ஈர உடையோடு காத்திருந்து, மேலிருந்து எறியப்படும் எலுமிச்சையையும் பிற பூசைப் பொருள்களையும் முந்தானையில் ஏந்துகின்றனர். இறுதியில் படுகளம் வருகிறது: களிமண்ணால் பல அடி நீளத்துக்குச் செய்து கிடத்திய துரியோதனன் உருவின் தொடை பிளக்கப்பட, சூளுரைத்து விரித்த கூந்தலைத் திரௌபதி முடிகிறாள், துரியோதனனுக்காகவும் ஒப்பாரி வைக்கப்படுகிறது, அதன்பின் மக்கள் தீமிதிக்கின்றனர். கதையைப் பார்த்தவர் கதைக்குள் கால்வைத்து முடிக்கும் அமைப்பு இது. அமெரிக்க ஆய்வாளர்களான ரிச்சர்ட் ஃபிராஸ்காவும் ஆல்ஃப் ஹில்டெபைடலும் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வெளியிட்ட நூல்கள் இக்கூத்தையும் வழிபாட்டையும் விரிவாகப் பதிவு செய்துள்ளன.

பாரதத்தைத் தவணை முறையில் தரும் மரபு கூத்தோடு நிற்கவில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, 1940களில் ‘கல்கி’ இதழில் வாரந்தோறும் எழுதிய பாரதக் கதைகளே பின்னர் ‘வியாசர் விருந்து’ என நூலாயின. ‘தொடரும்’ என்ற சொல்லைக் கண்டு அடுத்த வாரம்வரை பொறுத்திருக்கும் பழக்கத்தைத் தமிழ் வாசகருக்குத் தந்தவை வார இதழ்கள். 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கிய ராமானந்த் சாகரின் ‘ராமாயண’மும், அடுத்த ஆண்டு தொடங்கிய பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத’மும் அப்பழக்கத்தைத் திரைக்குக் கொண்டுசென்றன. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின், ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ எனக் குடும்பக் கதைகள் நாள்தோறும் வரலாயின. தெய்வம் திரையில் தோன்றிய ஞாயிறு காலைகளில் மக்கள் குளித்துத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலையிட்டதும் கற்பூரம் காட்டியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்ட செய்திகள்.

அதைவிடக் கருதத்தக்கது ஆய்வாளர் பூர்ணிமா மங்கேகர் கண்டறிந்தது. தில்லியின் கீழ்நடுத்தர, உழைப்பாளர் குடும்பப் பெண்களோடு அமர்ந்து சோப்ராவின் தொடர்பற்றி உரையாடிய அவர், திரௌபதியின் துகில் உரியப்படும் காட்சியை அப்பெண்கள் தம் வாழ்வில் தாம் பட்ட அவமானங்களின் வழியே புரிந்துகொண்டதை 1999இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். புனிதக் கதையை உலகியல் கண்ணால் பார்த்தனர் அப்பெண்கள். அப்படியாயின், அதே பாதையில் எதிர்த்திசையிலும் நடக்க முடிய வேண்டும்; உலகியல் கதையைப் புனிதக் கதையின் கண்ணால் பார்ப்பதற்கும் வழியிருக்க வேண்டும். இச்சொற்பொழிவின் நிலைப்பாடு, அவ்வழி இருக்கிறது என்பதும், ஆனால் அது பாதியில் நின்றுவிடுகிறது என்பதுமாகும்.

எடுத்துக்காட்டாக நிற்கத் தகுந்தது, திருச்செல்வம் இயக்கத்தில் 2022 பிப்ரவரி 7 முதல் 2024 ஜூன் 8 வரை சன் தொலைக்காட்சியில் வந்த ‘எதிர்நீச்சல்’. மதுரைப் பக்கத்துச் செல்வக் குடும்பம் ஒன்றின் மூத்தவரான ஆதி குணசேகரன், தம்பியருக்குப் படித்த பெண்களாகப் பார்த்து மணமுடிக்கிறார். படிப்பு வீட்டின் பெருமைக்கு வேண்டும், படித்தவள் வாசல் தாண்டக் கூடாது என்பது அவ்வீட்டின் எழுதாத சட்டம். அவர் மனைவி ஈஸ்வரியும், நந்தினி, ரேணுகா, ஜனனி என்னும் மற்ற மருமகள்களும் அச்சட்டத்தோடு மோதுவதே கதை. சொத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு உரிமையுடைய அப்பத்தா ஒருவர் இவர்கள் பக்கம் நிற்பதால், கதையின் பெரும்பகுதி பங்கு, பத்திரம், கையெழுத்து என்றே செல்கிறது. இதில் தெய்வம் எங்கே என்று கேட்பவர் கேட்கலாம்.

அதற்கு விடை, பாரதத்தின் நடுப்பகுதியில் தெய்வம் எங்கே என்று திருப்பிக் கேட்பதில் இருக்கிறது. துகில் வளர்ந்த அற்புதம் அனைவரும் அறிந்ததுதான். ஆனால் அற்புதத்துக்கு முன்னால் சபையில் நிகழ்வது ஒரு வழக்கு. தன்னையே சூதில் தோற்றுவிட்ட ஒருவனுக்கு அதன்பின் மனைவியைப் பணயம் வைக்க உரிமை உண்டா என்று திரௌபதி கேட்கிறாள். உடைமை, உரிமை, தகுதி ஆகியவை பற்றிய தூய சட்டக்கேள்வி அது. தருமத்தின் நுட்பம் அறிதற்கரியது என்று வீடுமர் விடை சொல்லாமல் நழுவுகிறார், பெரியவர்கள் வாய்மூடியிருக்கின்றனர், கௌரவருள் இளையவனாகிய விகர்ணன் மட்டும் எழுந்து அவள் பக்கம் பேசுகிறான். சபையில் விடை பெறாத அக்கேள்வியே பின்னர் வரும் பேரழிவு அனைத்துக்கும் முன்னால் நிற்கிறது. திரௌபதியைத் தெய்வமாக்கிய ஊர்கள் ஆண்டுதோறும் திரும்பக் கேட்கச் செய்வதும் அக்கேள்வியைத்தான். ஆகவே, சொத்துரிமை பற்றிய கேள்வி உலகியலுக்கு உரியது, பக்தி மட்டுமே ஆன்மிகத்துக்கு உரியது என்னும் பாகுபாடு பாரதக் களத்தில் செல்லாது.

குணசேகரன் வீட்டுக் கூடம் அச்சபையின் அமைப்பை ஏறத்தாழ அப்படியே கொண்டிருக்கிறது. நடுவில் இருக்கை போட்டு ஒருவர் அமர, தம்பியர் சூழ நிற்க, பெண்கள் எதிரே நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகின்றனர். குணசேகரனின் தாயே பல வேளைகளில் மகன் பக்கம் பேசுகிறார். விகர்ணனின் இடத்தில் கடைசித் தம்பி சக்தி தயங்கித் தயங்கி மனைவி ஜனனியின் பக்கம் வந்து சேர்கிறான். தொடரை ஆக்கியோர் பாரதத்தை மனத்தில் வைத்தே இதை அமைத்தனர் என்பது இங்கே வாதமன்று. பாரதம் கண்டு வளர்ந்த ஊரார் இக்கூடத்தைச் சபையாகக் காண்பதற்கு ஆக்கியோரின் நோக்கம் தேவையில்லை. இரண்டாம் ஷிப்டு முடித்து வந்து, இரவு 9.30 மணிக்கு ஒளிபரப்பானதைக் கைபேசியில் பின்னர் பார்க்கும் ஆலைத் தொழிலாளிக்கு, ‘இந்த வீட்டில் எனக்கு என்ன உரிமை’ என்று ஒரு கதைமாந்தர் கேட்பது, அடுத்த ஊதியநாளிலேயே எழக்கூடிய கேள்வியாகவும், தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வியாகவும் ஒருசேர ஒலிக்க முடியும்.

இத்தகைய பார்வைக்கு மேலைத் திறனாய்வும் இடம் தந்துள்ளது. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் எழுந்த மிகையுணர்ச்சி நாடகங்களை ஆராய்ந்த பீட்டர் புரூக்ஸ், சமயத்தின் பிடி தளர்ந்த காலத்தில், அன்றாட வாழ்வின் அடியில் மறைந்து கிடக்கும் அறத்தின் ஆற்றல்களை வெளிக்கொணரும் பணியை அந்நாடகங்கள் ஏற்றுக்கொண்டன என்று 1976இல் எழுதினார். கதறலும் உரத்த பேச்சும் கலைக்குறை என ஒதுக்கத் தக்கவையாக அவருக்குப் படவில்லை, மறைந்ததை வெளியே இழுக்கும் கருவிகளாகவே பட்டன. ‘டல்லஸ்’ என்ற அமெரிக்கத் தொடர்பற்றி நெதர்லாந்துப் பெண்கள் இதழ் ஒன்றில் விளம்பரம் செய்து 42 கடிதங்கள் பெற்ற ஈயன் ஆங், எண்ணெய்க் கோடீசுவரர் வாழ்வு நம்பத்தக்கதாக இல்லாதபோதும் அதன் துயரம் உண்மையென உணரப்படுவதை ‘உணர்ச்சி மெய்ம்மை’ என்று பெயரிட்டு விளக்கினார்.

தமிழருக்கோ இதைச் சொல்ல இரவல் கருவி வேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது: பிறரால் இகழப்படுதலாகிய இளிவு, உற்றாரையோ உடைமையையோ பறிகொடுத்தலாகிய இழவு, முன்னிருந்த நல்ல நிலை கெட்டு வேறாதலாகிய அசைவு, துய்க்க வேண்டியவற்றைத் துய்க்கப்பெறாத வறுமை. தமிழ் நெடுந்தொடர் எதையும் எடுத்து இந்நான்கையும் வைத்து அளந்தால், இளிவே மிகுதியாக இருக்கக் காணலாம்; இறப்பைக் காட்டிலும் இகழ்ச்சிக்கே அதில் கண்ணீர் அதிகம். வெகுளிக்குரிய நான்கனுள் ‘அலை’ என்பது வைதும் அடித்தும் வருத்துதல் என உரைகாரர் விளக்குவர். இளிவில் அழுகையும் அலையில் வெகுளியும் ஒரே காட்சியில் பிறக்கும்போது, பார்ப்பவர் உள்ளம் இரக்கத்தோடு நிற்பதில்லை. நியாயம் கேட்கத் தொடங்குகிறது. அறத்தின்முன் தம்மை நிறுத்துதல் என்று தொடக்கத்தில் சொல்லப்பட்டதன் முதற்படி இதுவே. இரண்டாம் படி, அந்த வீட்டில் தாம் யார் என்று பார்ப்பவர் தம்மையே கேட்டுக்கொள்வது. மாமியார் ஒருவர் தொடரின் மாமியாரை வைதபடியே பார்த்துவிட்டு எழுந்துபோவது எளிது என்பதால், இப்படியில் ஏறுவோர் எப்போதும் சிலரே.

பாரதக் களத்தில் இந்த இரண்டாம் படிக்கு ஏற்றிவிட ஓர் ஆள் இருந்தார். கதையை நிறுத்தி, உள்ளூர் நடப்பைச் சுட்டி, நகைச்சுவை கலந்து குத்திக்காட்டிப் பொருள் சொன்ன பிரசங்கியாரே அவர். மெக்சிகோவின் மிகுவேல் சாபிதோ உருவாக்கிய சமூகக்கல்வித் தொடர்களைப் பின்பற்றித் தூர்தர்ஷன் 1984–85இல் ஒளிபரப்பிய ‘ஹம் லோக்’ தொடரில், ஒவ்வொரு நாள் கதை முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றிப் பார்வையாளரிடம் பேசியது ஏறத்தாழ அவ்விடத்தை நிரப்பியது. இன்றைய தொடர்களில் அவ்விடம் வெற்றிடம். விளம்பர இடைவேளையில் வீட்டாரும் விடுதித் தோழியரும், மறுநாள் கம்பெனிப் பேருந்தில் உடன்வருவோரும் பேசிக்கொள்வதே இன்றைய பிரசங்கம். நான்கு மொழி பேசுவோர் ஒரே பேருந்தில் ஏறும் ஓசூரில் அப்பேச்சு எந்த மொழியிலும் நிகழலாம்.

கூத்துக்கும் தொடருக்கும் இடையே கொடியவனை நடத்தும் முறையிலும் வேறுபாடு உண்டு. துகிலுரியும் கூத்தில் துச்சாதனன் வேடம் கட்டியவர், திரௌபதி வேடத்தின்மீது கைவைக்குமுன் கற்பூரம் ஏற்றித் தொழுது பிழைபொறுக்க வேண்டுவது மரபு. தீமையை நடிப்பதற்கும் ஒரு பொறுப்பு உண்டு என்பதை ஊரார் கண்முன் ஒப்புக்கொள்ளும் செயல் அது. தொலைக்காட்சியில் அதற்கு ஈடாக இருப்பது, கதைமாந்தர் அனைவரும் கற்பனையே என்று நொடிப்பொழுதில் ஓடிமறையும் எழுத்துவரி. குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்துவின் அதட்டல் மொழி ஊரெங்கும் வேடிக்கைச் சொற்றொடராகிப் பரவியது. 2023 செப்டம்பர் 8 அன்று, அத்தொடருக்குக் குரல்பதிவு செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பு ஏற்பட்டு அவர் காலமானார். நாள்தோறும் வெறுத்த மனிதருக்காகப் பார்வையாளர் பலர் வருந்தியது, படுகளத்தில் துரியோதனனுக்கு ஒப்பாரி வைக்கும் பண்புக்கு அயலானதன்று. அப்பாத்திரத்தை வேல ராமமூர்த்தி ஏற்க, தொடர் மேலே சென்றது.

‘மேலே சென்றது’ என்பதில்தான் நெடுந்தொடரின் குறை தங்கியிருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டுக் காசுமீரத்து ஆனந்தவர்த்தனர், போரும் பகையும் நிறைந்த மகாபாரதத்தின் தலைமைச் சுவை வீரமோ அவலமோ ஆகாது, சாந்தமே என்று நிறுவினார். சாந்தம் என்பது, பற்றுகள் அடங்கி உள்ளம் சமநிலை எய்தும்போது தோன்றும் சுவை. தமிழுரைகள் இதைச் சமநிலை எனவும் நடுவுநிலை எனவும் வழங்கும். அவர் காட்டும் சான்று கதையின் முடிவு: வென்ற பாண்டவரும் விருஷ்ணிகளும் துயருற்று அழிய, வெற்றி என்பதே வெறுமையாகத் தெரிகிறது. முடிவு இருப்பதால்தான் அப்பொருள் கனிகிறது. நெடுந்தொடருக்கோ முடிவு என்பது கலைத்தேவையால் வருவதில்லை. பார்வையாளர் அளவீட்டுப் புள்ளி எப்படிச் சொல்கிறதோ அப்படி நீளவும் அறவும் செய்கிறது. ‘எதிர்நீச்சல்’ முடிந்து ஏழு மாதம் ஆகுமுன், 2024 டிசம்பர் 23 அன்று, அதன் தொடர்ச்சி ஒளிபரப்பாகத் தொடங்கியதும், தணிந்ததாகக் கருதப்பட்ட பகை மீண்டும் அதே கூடத்தில் எழுந்தது. புள்ளிக்காக இளிவு மீண்டும் மீண்டும் பெருக்கப்படும்போது, கன்னத்தில் விழும் ஒரே அறையை மூன்று கோணத்தில் மும்முறை காட்டும்போது, நியாயம் கேட்க எழுந்த உள்ளம் மரத்துப்போகிறது. பாரதத்தில் கூந்தலை முடிக்க ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. தொடரில் கூந்தல் விரிந்தபடியே இருக்கிறது. கேள்வியை எழுப்பும் ஆற்றல் உலகியல் தொடருக்கு உண்டு, அதை ஆற்றி அடக்கும் ஆற்றல் அதன் இன்றைய வணிக அமைப்பில் இல்லை என்பதே இங்கு எட்டப்படும் முடிபு. தெய்வத் தொடர்களின் நிலை இதற்கு நேர்மாறு. வரைகலையில் ஒளிரும் வேலும் பாம்பும் வந்து ஒவ்வொரு சிக்கலையும் உடனுக்குடன் தீர்த்துவிடுவதால், அவை பெரும்பாலும் கேள்வியே எழுப்புவதில்லை.

இதைக் கொண்டு பழைய களத்தைப் புகழ்ந்து புதிய திரையைத் தள்ளிவிடுவது பொருந்தாது. திரௌபதி கோயில்கள் எல்லாருக்கும் திறந்திருந்தன என்று எவரும் சொல்ல முடியாது. பட்டியல் சாதியினர் உள்ளே வழிபடுவதை எதிர்த்து எழுந்த பூசலால், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதித் திரௌபதியம்மன் கோயில் 2023 ஜூனில் அதிகாரிகளால் பூட்டி முத்திரையிடப்பட்டது. சபையில் நியாயம் கிடைக்காத ஒருத்தியின் கோயிலிலேயே நுழைவு மறுக்கப்படுவது கதையின் பொருளையே மறுப்பதாகும். அதே கோடையில் குணசேகரன் வீட்டுக் கூடத்தை எல்லாச் சாதியாரும், இசுலாமியரும், எலத்தகிரி போன்ற ஊர்களின் கிறித்தவரும் அவரவர் வீட்டிலிருந்து, எவரிடமும் அனுமதி கேட்காமல் பார்த்தனர். தெய்வம் இல்லாத கதை என்பதாலேயே எந்தத் தெய்வத்தை வணங்குபவரும் அதில் தடையின்றி நுழைய முடிந்தது. கூத்தின் ஆழம் தொடருக்கு இல்லாதது போலவே, தொடரின் இந்த அகலம் கூத்துக்கு வாய்க்கவில்லை.

தெருக்கூத்தைப் பதிவு செய்ய வெளிநாட்டவர் வந்து மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. நெடுந்தொடரைப் பார்க்கும் மக்களின் பேச்சை, தீர்ப்பை, சண்டையைப் பதிவு செய்ய அத்தனை தொலைவு எவரும் வர வேண்டியதில்லை. தொடர்கள் செயலியிலும் இணையத்திலும் எஞ்சியிருக்கும், அவற்றைப் பற்றிய பேச்சுதான் எஞ்சாது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் தம் மாணவரை விடுதிகளுக்கும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் பாரத விழாக்களுக்கும் ஒருசேர அனுப்பி, நான்கு மொழிகளிலும் அப்பேச்சைக் கேட்டெழுதும் பணியை வரும் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும்.